லைட்டரின் பொறியும் காரீயத்தின் வேலையும்

கல்விப் பகுதி: மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் ஆர்வமுள்ள பெற்றோருக்கும்



நமது அறக்கட்டளையில் மஃரிபுக்குப் பிறகு நடைபெறும் மாலை வகுப்புக்கு, சில மாதங்களுக்கு முன் ஒரு பிளஸ் டூ மாணவி உடைந்த கேஸ் லைட்டர் ஒன்றைக் கொண்டு வந்தாள். அவளுடைய வாப்பா காயலான் கடை வைத்திருப்பவர். லைட்டரைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே சுண்டுவிரல் நுனியளவுக்குச் சிறிய பீங்கான் உருளை ஒன்று இருந்தது.

"சார், இதுல பேட்டரியே இல்லையே, பொறி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டாள்.

"இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர்" என்றோம்.

"பேரைச் சொல்லிட்டீங்க சார், காரணத்தைச் சொல்லலையே" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "இந்த உருளையில காரீயம் இருக்குன்னு படிச்சேன். வாப்பா தினமும் இந்த மாதிரி சாமான்களைத்தான் உடைக்கிறாங்க. காரீயத்துக்குப் பதிலா வேற எதையாவது போட்டுச் செய்யக் கூடாதா?" என்று இரண்டாவது கேள்வியையும் வைத்தாள்.

அன்று இரண்டுக்கும் எங்களிடம் சரியான பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினோம். படித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது. அந்த இடம் அணுக்களைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள். வகுப்பில் நடத்திய அந்தப் பாடத்தையே இங்கே தருகிறோம்.

பொறி எப்படி வருகிறது?

லைட்டரை அழுத்தும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு, ஒரு சிறு சுத்தியல் அந்த உருளையை அடிக்கிறது. அடி விழுந்த கணத்தில் உருளையின் ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் சேர்ந்து, பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் உண்டாகிறது. அது காற்று இடைவெளியைத் தாண்டிப் பாய்வதே நாம் பார்க்கும் பொறி. பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளுக்கு ஆபத்து இல்லை.

அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள்கள் பல உண்டு. கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகமும் அந்த வகைதான். ஆனால் லைட்டரில் இருப்பது ஒற்றைப் படிகம் அல்ல. பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட பீங்கான் அது. அதற்குள் எண்ணற்ற நுண்படிகங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கும். ஒன்று தரும் மின்னூட்டத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடும். மொத்தத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இந்தப் பொடியைப் பயனுள்ளதாக்க ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொரு நுண்படிகத்துக்குள்ளும் இயல்பாகவே ஒரு நேர் முனையும் எதிர் முனையும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அந்த முனைகள் திரும்ப வேண்டும். மின்புலத்தை எடுத்த பிறகும் திரும்பியபடியே நிற்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய பொருளையே ஃபெர்ரோமின் பொருள் என்கிறோம். தொழிற்சாலையில் உருளையைச் சூடாக்கி, உயர் மின்னழுத்தம் கொடுத்து, அதன் முனைகளை ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள். நாம் அடுப்பங்கரையில் வருடக்கணக்கில் அழுத்துவது, அப்படித் திருப்பி வைத்த பொருளைத்தான்.

பெயரில் மட்டுமே இரும்பு

'ஃபெர்ரோ' என்றால் இரும்பு. ஆனால் இந்தப் பொருள்களில் இரும்பு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரும்பைக் காந்தத்தால் தேய்த்தால் அது காந்தத்தன்மையை நினைவில் வைத்துக்கொள்வதுபோல, இவை மின்முனையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அந்த ஒப்புமையால் வந்த பெயர் இது.

இத்தன்மை முதலில் வெளிப்பட்டது ரோஷல் உப்பில். பிரான்சின் லா ரோஷல் ஊரைச் சேர்ந்த மருந்து வணிகர் பியர் செய்ஞெட் 17ஆம் நூற்றாண்டில் பேதி மருந்தாகத் தயாரித்த உப்பு அது. 1920இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வலாசெக், அந்த உப்பின் மின்முனையைப் புரட்டவும் நிலைநிறுத்தவும் முடியும் என்று காட்டினார். ஆனால் ரோஷல் உப்பு நீரில் கரைந்துவிடும், சூட்டைத் தாங்காது. அதன் அமைப்பும் சிக்கலானது. எனவே காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருப்பம் வந்தது. வானொலிக் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு மைக்கா தேவைப்பட்டது. அதில் பெரும்பங்கு இந்தியச் சுரங்கங்களிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மாற்றுப் பொருள் தேடியபோது அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியே ஆய்வாளர்கள் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானைக் கண்டெடுத்தார்கள். இன்று நம் கைப்பேசி ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் சிறு மின்தேக்கிகள் இந்தப் பொருளால் ஆனவையே. அமைப்பில் எளிய பொருள் என்பதால், நமது பாடத்தையும் இதை வைத்தே நடத்துவோம்.

கூட்டின் நடுவில் நிற்காத டைட்டேனியம்

கனசதுரமான ஒரு பெட்டியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். எட்டு மூலைகளிலும் பேரியம். ஆறு முகங்களின் மையத்திலும் ஆக்சிஜன். பெட்டியின் நடுவில் டைட்டேனியம். இதுவே பேரியம் டைட்டனேட்டின் அலகுக்கூடு. இந்தக் கட்டமைப்புக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். பெட்டியின் பக்க நீளம் சுமார் 0.4 நானோமீட்டர்.

120 டிகிரி செல்சியஸுக்கு மேல் டைட்டேனியம் சராசரியாகச் சரியாக நடுவில் இருக்கிறது. அப்போது பெட்டிக்கு நேர் முனையும் இல்லை, எதிர் முனையும் இல்லை. வெப்பம் அதற்குக் கீழே இறங்கியதும் டைட்டேனியம் ஆறு ஆக்சிஜன்களில் ஏதேனும் ஒன்றை நோக்கிச் சற்றே ஒதுங்குகிறது. ஒதுங்கும் தூரம் ஒரு நானோமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். பெட்டியும் அந்தத் திசையில் சுமார் ஒரு சதவீதம் நீள்கிறது. நேர் மின்னூட்டம் கொண்ட டைட்டேனியம் ஒரு பக்கம் நகர்ந்ததால் அந்தப் பக்கம் நேர் முனையாகவும் எதிர்ப்பக்கம் எதிர் முனையாகவும் ஆகிவிடுகிறது.

வகுப்பில் இதை விளக்க ஒரு பல்லாங்குழியைப் பயன்படுத்தினோம். அடுத்தடுத்த இரண்டு குழிகளையும் அவற்றுக்கு நடுவே உள்ள மேட்டையும் பாருங்கள். சோழி இடக்குழியிலோ வலக்குழியிலோ நிற்கும். நடு மேட்டில் நிற்காது. பலகையைச் சாய்த்தால் அடுத்த குழிக்கு உருண்டு போகும். வெளியிலிருந்து மின்புலம் கொடுப்பது அப்படிச் சாய்ப்பதைப் போன்றது. பலகையை நேராக வைத்த பிறகும் சோழி போன குழியிலேயே இருக்கும். அதுதான் நினைவு. பலகையை வேகமாகக் குலுக்கினால் சோழி இரு குழிகளுக்கும் மாறி மாறித் தாவும். சராசரியாகப் பார்த்தால் நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். அதிக வெப்பம் செய்வது இதைத்தான்.

எல்லாம் சரி. நடுவில் மேடு எப்படி வந்தது? டைட்டேனியம் ஏன் நடுவில் நிற்க விரும்பவில்லை? மாணவி கேட்ட 'காரணம்' இங்கேதான் இருக்கிறது.

இரு விசைகளின் இழுபறி

முதலில் அணுக்களை மின்னூட்டம் பெற்ற உருண்டைகளாக மட்டும் எண்ணிப் பார்ப்போம். அப்போது இரண்டு விசைகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று, அருகில் உள்ள அணுக்களின் எலக்ட்ரான் முகில்கள் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளும் விசை. இது டைட்டேனியத்தை நடுவிலேயே நிறுத்தப் பார்க்கும். மற்றொன்று, தூரத்துப் பெட்டிகளின் முனைகள் ஒன்றையொன்று ஊக்குவிக்கும் விசை. ஒரு பெட்டியில் டைட்டேனியம் ஒதுங்கினால் அதே வரிசையில் உள்ள அடுத்த பெட்டியிலும் ஒதுங்கத் தூண்டும். 1950இல் இயற்பியலறிஞர் ஜான் ஸ்லேட்டர் இந்தத் தூர விசையின் பங்கைக் கணக்கிட்டுக் காட்டினார்.

இரண்டு விசைகளும் ஏறத்தாழச் சமபலம். உருண்டைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தள்ளும் விசையே வென்றுவிடும், டைட்டேனியம் நடுவில்தான் நிற்கும். தராசைச் சாய்க்க வேறொன்று தேவை. எலக்ட்ரான் பங்கீடுதான் அது.

டைட்டேனியத்தின் அணு எண் 22. நான்கு எலக்ட்ரான்களை இழந்த பின் அதனிடம் 18 மீதம். அதன் 3டி ஆர்பிட்டால்கள் முற்றிலும் காலி. அருகில் இருக்கும் ஆக்சிஜனின் 2பி ஆர்பிட்டால்களோ நிரம்பியவை. நிரம்பிய வீட்டுக்குப் பக்கத்தில் காலி வீடு இருந்தால் என்ன நடக்கும்? ஆக்சிஜனின் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி டைட்டேனியத்தின் காலி இடத்திலும் புழங்கத் தொடங்குகிறது. அயனிப் பிணைப்பு என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது, இப்படிக் கொஞ்சம் சகப்பிணைப்பாகவும் மாறுகிறது. இதையே ஆர்பிட்டால் இனக்கலப்பு என்கிறார்கள்.

டைட்டேனியம் ஓர் ஆக்சிஜனை நெருங்கினால் அந்தப் பக்கத்துப் பிணைப்பு வலுக்கிறது, எதிர்ப்பக்கத்துப் பிணைப்பு தளர்கிறது. வலுத்ததால் கிடைக்கும் ஆற்றல் லாபம், தளர்ந்ததால் வரும் நட்டத்தைவிட அதிகம். லாபக் கணக்கு அப்படி இருக்கும்போது நடுவில் நிற்பானேன்? இவ்வாறுதான் பல்லாங்குழியின் நடுவில் மேடு எழுகிறது. 1992இல் ரொனால்ட் கோஹன் கணினிக் கணக்கீடுகளின் மூலம் இதைத் தெளிவாக நிறுவினார். டைட்டேனியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான எலக்ட்ரான் பங்கீடு இல்லையென்றால் இந்தப் படிகங்களில் ஃபெர்ரோமின் தன்மையே தோன்றாது என்பது அவரது முடிவு.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. டைட்டேனியத்தின் மின்னூட்டம் +4 என்று படிக்கிறோம். ஆனால் பேரியம் டைட்டனேட்டுக்குள் அது நகரும்போது உண்டாகும் முனைவைக் கணக்கிட்டால், மின்னூட்டம் +7க்குச் சற்று மேல் இருப்பதுபோல நடந்துகொள்கிறது. டைட்டேனியம் ஆக்சிஜனை நோக்கிப் போகும்போது, ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் டைட்டேனியத்தை நோக்கி, அதாவது எதிர்த்திசையில் பாய்கின்றன. எதிர் மின்னூட்டம் எதிர்த்திசையில் போனால் நேர் மின்னூட்டம் கூடுதலாகப் போனதற்குச் சமம். வெறும் உருண்டைகளுக்கு இது நடக்காது.

காலி ஆர்பிட்டால் அவசியம் என்பதை உறுதிசெய்யும் செய்தி ஒன்று. இரும்பு போன்றவை காந்தமாவதற்கு டி ஆர்பிட்டாலில் எலக்ட்ரான்கள் இருக்க வேண்டும். டைட்டேனியம் வகை ஃபெர்ரோமின் பொருளுக்கோ அது காலியாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஓரளவு நிரம்பியிருப்பது தேவை, மற்றொன்றுக்குக் காலியாக இருப்பது தேவை. அதனால்தான் இரண்டு தன்மையும் ஒருங்கே அமைந்த பொருள்கள் அரிது என்று 2000ஆம் ஆண்டில் நிக்கோலா ஹில், இன்று நிக்கோலா ஸ்பால்டின் என அறியப்படுபவர், விளக்கினார்.

அப்படியானால் காரீயம் எதற்கு?

இப்போது பெட்டியின் மூலைகளுக்கு வருவோம். பேரியத்தை எடுத்துவிட்டு அங்கே ஸ்ட்ரான்ஷியத்தை வைத்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரான்ஷியம் அயனி சிறியது. பெட்டி சுருங்குகிறது, டைட்டேனியம் ஒதுங்க இடம் போதவில்லை. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டை எவ்வளவு குளிர்வித்தாலும் அது ஃபெர்ரோமின் பொருளாவதில்லை. குவாண்டம் இயற்பியல் சொல்லும் ஓயாத அணு அதிர்வு, கடைசி நேரத்தில் சோழியைக் குழியில் தங்கவிடாமல் செய்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சாதாரண ஆக்சிஜனுக்குப் பதிலாக எடை கூடிய ஆக்சிஜன் 18ஐப் புகுத்தினார்கள். அதிர்வு சற்றே அடங்கியது. சுமார் மைனஸ் 250 டிகிரியில் அது ஃபெர்ரோமின் பொருளாகிவிட்டது. இழுபறி எவ்வளவு நூலிழையில் நிற்கிறது என்பதற்கு இது சான்று.

அடுத்து காரீயத்தை வைப்போம். காரீய அயனியின் பருமன் பேரியத்தைவிட ஸ்ட்ரான்ஷியத்துக்கே நெருக்கமானது. பருமனை மட்டும் பார்த்தால் காரீய டைட்டனேட்டும் ஃபெர்ரோமின் தன்மை இல்லாமல்தான் இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. அது சுமார் 490 டிகிரி வரை ஃபெர்ரோமின் பொருளாகவே இருக்கிறது. அதன் முனைவு பேரியம் டைட்டனேட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பெட்டி நீள்வதும் ஒரு சதவீதம் அல்ல, ஆறு சதவீதம்.

காரணம் மறுபடியும் எலக்ட்ரான்களே. பேரியம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்த பின் அதன் வெளிக்கூடு செனான் வாயுவைப்போல முழுமையாக நிறைந்து, யாரோடும் பங்கு போடாமல் ஒதுங்கி நிற்கிறது. காரீயமும் இரண்டைத்தான் கொடுக்கிறது. ஆனால் அதன் வெளிப்புறத்தில் 6எஸ் எலக்ட்ரான் இணை ஒன்று மிஞ்சி நிற்கிறது. அந்த இணை ஆக்சிஜனின் எலக்ட்ரான்களோடு கலந்து ஒரு பக்கமாகக் குவிகிறது. எனவே நடுவில் டைட்டேனியம் ஒதுங்குவதோடு, மூலையில் காரீயமும் ஒதுங்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. 2001இல் ஜப்பானின் ஸ்பிரிங் 8 சின்க்ரோட்ரான் நிலையத்தில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு எலக்ட்ரான் பரவலைப் படமெடுத்தபோது, காரீயத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே எலக்ட்ரான் பாலம் இருப்பது தெரிந்தது. பேரியத்துக்கு அத்தகைய பாலம் இல்லை.

1954இல் அமெரிக்கத் தேசிய தரநிர்ணயக் கழகத்தின் ஆய்வாளர்கள் காரீய டைட்டனேட்டையும் காரீய சிர்க்கோனேட்டையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த பீங்கானின் அழுத்தமின் திறனை அறிவித்தார்கள். பி.இசட்.டி. எனப்படும் அந்தப் பீங்கான்தான் இன்று லைட்டரிலும், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் கருவியின் முனையிலும், கடலின் ஆழம் பார்க்கும் கருவியிலும் வேலை செய்கிறது. அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் காரீயம்.

ஆக, காரீயத்தைச் சேர்த்தது மலிவு என்பதற்காக அல்ல. அந்த எலக்ட்ரான் இணை செய்யும் வேலையை வேறொன்று அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை என்பதற்காக.

மாற்று உண்டா?

காரணம் தெரிந்துவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். காரீயத்தைப் போலவே 6எஸ் இணையை வைத்திருக்கும் பக்கத்துத் தனிமம் பிஸ்மத். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. பிஸ்மத் சோடியம் டைட்டனேட் போன்ற பீங்கான்கள் இந்த வழியில் வந்தவை. மற்றொரு வழி, டைட்டேனியத்தைப் போலக் காலி டி ஆர்பிட்டால் கொண்ட நியோபியம். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியம், சோடியம், நியோபியம் சேர்ந்த காரீயமற்ற பீங்கானை, பி.இசட்.டி.க்கு இணையாக நிற்கும் திறனுடன் செய்து காட்டினார்கள்.

ஆயினும் செலவு, உறுதி, வெவ்வேறு வெப்பநிலைகளில் நிலைத்த செயல்பாடு ஆகியவற்றில் பி.இசட்.டி.யை முழுவதும் ஒதுக்கிவிட இயலவில்லை. 2006 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியமே, இந்தப் பீங்கானுக்கு விலக்கு அளித்திருக்கிறது. எனவே மாணவியின் கேள்விக்கு எங்கள் பதில் இது: "செய்யலாம். வழி தெரிந்திருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை. அதை முடிக்க உன்னைப்போன்றவர்கள் வேண்டும்."

வீட்டிலும் கடையிலும் கவனிக்க வேண்டியவை

லைட்டரைப் பயன்படுத்துவதில் அச்சம் தேவையில்லை. ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த பீங்கானுக்குள் காரீயம் கட்டுண்டு கிடக்கிறது, உருளையும் உறைக்குள் மூடியிருக்கிறது. உடைத்துப் பொடியாக்கும்போதும் அமிலத்தில் போடும்போதும்தான் தீங்கு வருகிறது. பழைய மின்னணுப் பலகைகளில் உள்ள காரீயப் பற்றவைப்பு இதைவிடவும் கவனிக்க வேண்டியது. அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் காரீயம் கலந்துவிடும். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பழைய பொருள் வணிகம் செய்யும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: மின்னணுப் பலகைகளை எரிக்காதீர்கள். உடைக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். வீட்டுக்குள் போகுமுன் கை கழுவி உடை மாற்றிக்கொள்ளுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சரக்கைச் சேருங்கள். பழுதான லைட்டர்களையும் கைப்பேசிகளையும் வீடுகளிலிருந்து பெற்று அப்படிச் சேர்ப்பிக்க அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். மாணவியின் வாப்பாதான் அந்தப் பெட்டியை முதலில் நிரப்பினார்.

பயிற்சி வினாக்கள்

1. குவார்ட்ஸ் பொடியைச் சுட்டு லைட்டர் உருளை செய்ய முடியாது. ஏன்?

2. பல்லாங்குழி உவமையில் மின்புலம், வெப்பம், நினைவு ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன?

3. பேரியமும் காரீயமும் இரண்டு எலக்ட்ரான்களையே கொடுக்கின்றன. ஆனாலும் ஏன் வேறுபடுகின்றன?

4. டி ஆர்பிட்டாலில் எலக்ட்ரான்கள் உள்ள ஓர் அயனியை டைட்டேனியத்தின் இடத்தில் வைத்தால் என்ன எதிர்பார்ப்பீர்கள்?

விடைகளை எழுதி மாலை வகுப்பில் கொடுங்கள். விடை தவறினாலும் பரவாயில்லை, காரணம் எழுதியிருந்தால் போதும். பெயரைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விட்ட தவறை நாங்களே செய்து திருத்திக்கொண்டோம். அடுத்த பாடத்தில், இன்ஷா அல்லாஹ், ஸ்கேன் கருவி ஒலியைக் கொண்டு எப்படிப் படம் வரைகிறது என்பதைப் பார்ப்போம்.